மூடிய கைக்கு நாற்பது மணி நேரம்

தொழிலாளி ஒருவரின் கட்டைவிரல் போய்விட்டால் அவருடைய சம்பாத்தியத் திறனில் 30 சதவீதம் போனதாகச் சட்டம் கணக்கு வைக்கிறது. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம். 1923-இல் வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை இதையெல்லாம் விரல் விரலாக, கணு கணுவாகப் பிரித்து எழுதிவைத்தது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என நீளும் தொழிற்பேட்டைகளில் பிரஸ் ஷாப்பில் நிற்பவர் அந்த அட்டவணையைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் கட்டைவிரலின் மதிப்பு அவருக்குத் தெரியும்.

இந்த வட்டாரமே கைகளை நம்பி எழுந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தயாரிக்கத் தொடங்கி, 2014-இல் கதவை மூடியது. ஒரகடத்துக்கு 2010-இல் ரெனோ-நிசான் வந்தது, 2012-இல் பாரத்பென்ஸ் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. இப்போது சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன். ரோபோ எத்தனை வந்தாலும் ஒயரைச் செருகவும், சின்ன ஸ்க்ரூவை அதன் இடத்தில் உட்காரவைக்கவும் கை வேண்டியிருக்கிறது. அதுவும் இரண்டு கை. ஒன்று பிடிக்கும், மற்றது பூட்டும்.

அந்தச் சாலைகளை ஒட்டிய வாடகை வீடுகளில் வளரும் சில குழந்தைகளுக்கு ஒரு கை மூடியே இருக்கிறது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும், மற்ற நான்கு விரல்களும் அதன்மேல் கவிந்திருக்கும். மணிக்கட்டு உள்பக்கம் வளைந்து, முழங்கை மடங்கி, கை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு இரண்டு கைகளுமே அப்படி. விபத்து எதுவும் நடக்கவில்லை, ஒரு விரலும் போகவில்லை. பாதிப்பு மூளையில். பெருமூளை வாதம் என்று ஏட்டில் எழுதுவார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதற்குப் பெயர் ‘சி.பி.’

ஆயிரம் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது வருகிறது. வளரும் மூளையில், கருவிலோ பிரசவத்திலோ அதை ஒட்டிய நாட்களிலோ ஏற்பட்ட காயத்தின் தழும்பு இது. தழும்பு பெரிதாகாது, ஆறவும் ஆறாது. உடல் வளர வளர அதன் விளைவு மட்டும் மாறிக்கொண்டே வரும். “பொறந்ததும் அழல மேடம்”, “பத்து நாள் பாக்ஸ்ல வெச்சிருந்தாங்க”, “மஞ்சக்காமாலை ஏறிடுச்சு”, “ஃபிட்ஸ் வந்துச்சு”: தெரபி சென்டர்களில் அம்மாக்கள் கதையைத் தொடங்கும் வாசகங்கள் இவை. குறைமாதம், மூச்சுத் திணறல், கட்டுமீறிய மஞ்சள் காமாலை, தொற்று, பிறப்பதற்கு முன்பே வந்துபோன பக்கவாதம் எனக் காரணங்கள் பல. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் பழியைச் சிக்கலான பிரசவத்தின்மேல் போட்டார். பிறகு உளப்பகுப்பாய்வால் உலகப் புகழ் பெறப்போகும் சிக்மண்ட் ஃப்ராய்ட், நரம்பியல் மருத்துவராக இருந்த நாட்களில், 1897-இல் எழுதிய நூலில் அதை மறுத்தார். கருவிலேயே ஏதோ நேர்ந்திருந்ததால்தான் பிரசவம் சிக்கலாகியிருக்கலாமே என்றார். பல குழந்தைகளின் விஷயத்தில் ஃப்ராய்டின் பக்கம்தான் நியாயம். ‘வண்டியில போனா, குடத்தைத் தூக்குனா’ என்று மருமகளைக் குறைசொல்லும் மாமியார்களிடம் இதை யாராவது சொன்னால் நல்லது.

வீட்டார் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, “நடப்பானா?” ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நடந்துவிடுவார்கள், கொஞ்சம் தாமதமாகும், கொஞ்சம் கால் இழுக்கும். குழந்தை நடந்ததும் குடும்பம் பெருமூச்சு விடும், தெரபியும் அத்தோடு நின்றுபோகும். உண்மையில் இந்தக் குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தடுக்கப்போவது கை. பட்டன் போட, ஜிப் இழுக்க, பாட்டில் மூடியைத் திருக, ஸ்கேலை ஒரு கையால் அழுத்திப்பிடித்து மறுகையால் கோடு போட, தலை பின்ன, இரண்டு கையையும் நீட்டி எதையாவது வாங்க.

நம் வீடுகளில் இந்தக் கை கண்ணில் படும் விதமே வேறு. வலது கை பாதிக்கப்பட்ட குழந்தை எல்லாவற்றுக்கும் இடது கையை நீட்டும். ‘நொட்டாங்கை, அப்படியே தாத்தா மாதிரி’ என்று முதலில் சிரிப்பார்கள். சோற்றில் கைவைக்கும் வயதில் அதே கைக்கு அடி விழும். இடது கை பாதிக்கப்பட்டாலோ யாருக்கும் சந்தேகமே எழாது. சாப்பிடுவது, எழுதுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கைக்கு என்று எழுதாத சட்டம் இருக்கும் வீட்டில், சும்மா இருக்கும் இடது கையை நல்ல வளர்ப்பு என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். மருத்துவம் சொல்வது வேறு. ஒரு வயது நிறைவதற்குள் குழந்தைக்கு வலது கைப் பழக்கம், இடது கைப் பழக்கம் என்று எதுவும் தெளிவாகத் தெரியக் கூடாது. எட்டு மாதத்தில் ஒரு கையை மட்டும் நீட்டி, மற்றதை மூடியே வைத்திருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். 2017 முதல் உலக அளவில் வந்த வழிகாட்டுதல்களின்படி, கைதேர்ந்த மருத்துவர் ஆறு மாதத்துக்கு முன்பே சி.பி.யைக் கண்டுபிடித்துவிடலாம். நம் ஊரில் ‘லேட்டா வரும்மா, ஆம்பளப் புள்ள’ என்ற சமாதானத்திலேயே இரண்டு வருடம் ஓடிவிடும்.

இன்னொன்று, எழுதக் கூச்சப்படுகிற விஷயம். ஒரு கை மட்டுமே வேலைசெய்யும் குழந்தை சாப்பிடுவதும் அந்தக் கையால்தான், கால் கழுவுவதும் அந்தக் கையால்தான். பள்ளிக்கூடத்தில் இதற்குக் கிடைக்கும் பட்டப்பெயர்களை எந்த மருத்துவ அளவுகோலும் குறித்துவைப்பதில்லை. மூடிய கையால் மக்கைப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வந்துவிட்டால் அது பெரிய வெற்றி. எந்த ஆய்வு இதழிலும் அச்சேறாத வெற்றி.

குரங்கிலிருந்து குழந்தைக்கு

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளின் ஒரு கையிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு நரம்புகளை வெட்டிப் பார்த்தார். கையை அசைக்கும் நரம்புகள் நன்றாகவே இருந்தும் குரங்குகள் அந்தக் கையைக் கைவிட்டுவிட்டன. நல்ல கையைக் கட்டிப்போட்டதும், கைவிட்ட கை மறுபடி வேலைக்கு வந்தது. 1981-இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்துக்குள் போலீஸ் நுழைந்தது, மிருகவதை வழக்கு வந்தது. அந்தக் குரங்குகளுக்கு நடந்ததைப் படித்தால் இன்றும் மனம் ஒப்பாது. ஆனால் அங்கே கண்டது முதலில் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும், பிறகு சி.பி. குழந்தைகளுக்கும் சிகிச்சையாக வந்து சேர்ந்தது. நல்ல கைக்கு உறையோ மென்மையான கட்டோ போட்டு, மற்ற கைக்கு நாள்தோறும் விளையாட்டு கொடுப்பது.

பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பக்கவாதம் வந்தவர் கையை ஒருகாலத்தில் பயன்படுத்தியவர். ஒருபக்க சி.பி. குழந்தைக்கோ அப்படி ஒரு கை இருந்த ஞாபகமே கிடையாது. அதனால் முரட்டுத்தனமாகக் கட்டிப்போடுவது எதிர்விளைவைத்தான் தரும். அழுதுகொண்டே செய்த பயிற்சி மறுநாள் நடக்காது.

பிறந்த முதல் மாதங்களில் மூளையின் இரண்டு பக்கங்களும் இரண்டு கைகளுக்கும் நரம்பிழைகளை அனுப்பிவைக்கின்றன. அதிகம் வேலைசெய்யும் இழை நிலைக்கிறது, சும்மா இருப்பது விலகிக்கொள்கிறது. காயம்பட்ட பக்கத்து இழைகள் ஏற்கெனவே மெலிந்தவை. கையும் சும்மா இருந்தால் அவை போட்டியில் தோற்றுவிடும். சீக்கிரம் தொடங்குங்கள் என்று தெரபிஸ்டுகள் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஸ்வீடனில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழுவினர் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். தினம் அரை மணி நேரம், வாரம் ஆறு நாள், ஆறு வாரம். ஓர் இடைவெளி விட்டு மறுபடி ஆறு வாரம். செய்தவர்கள் பெற்றோரே, வீட்டிலேயே. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவுக்கு அதே கால அளவு மசாஜ் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்ட கையின் திறன் பயிற்சி செய்த குழந்தைகளிடம்தான் கூடுதலாக வளர்ந்தது. எண்ணெய் தேய்த்துக் கை கால் நீவிவிடும் நம் பாட்டிகளை நான் குறைசொல்லவில்லை. குழந்தைக்குச் சுகம், தூக்கம் வரும், பாட்டிக்கும் பேரனுக்கும் நெருக்கம் வரும். ஆனால் பிறர் அசைத்துவிட்ட கை தானாக அசையக் கற்றுக்கொள்வதில்லை. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவக் குழுவினர் சி.பி. சிகிச்சைகளையெல்லாம் சிக்னல் விளக்குபோல் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்தபோது, குழந்தை தானே முயன்று செய்யும் பயிற்சிகளுக்குப் பச்சை கிடைத்தது. வெறும் கையால் இழுத்து நீட்டிவிடும் பயிற்சி அந்தப் பக்கம் வரவில்லை. நம் ஊர் தெரபி நேரத்தில் கணிசமான பங்கை இன்னமும் அந்த நீட்டல்தான் விழுங்குகிறது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் வேறு வழியில் போனார்கள். வாழ்க்கையில் யாரும் ஒரு கையைக் கட்டிவைத்துக்கொண்டு வேலை செய்வதில்லையே. இரண்டு கையும் சேரும் வேலையையே கொடுப்போம் என்றார்கள். விடுமுறை முகாம்போல ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், பத்துப் பதினைந்து நாள். பிரிட்டனில் இதையே மந்திர வித்தை முகாமாக நடத்துகிறார்கள். சீட்டை மறைக்கவும் கயிற்று முடிச்சைக் காணாமல் போக்கவும் இரண்டு கை வேண்டும். குழந்தைகள் தெரபி என்பதையே மறந்துவிடுகிறார்கள். கட்டிவைக்கும் முறை, இருகை முறை இரண்டையும் ஒரே அளவு மணி நேரம் கொடுத்து ஒப்பிட்டால் பலன் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆகவே கேள்வி, எத்தனை மணி நேரம் என்பது. 2020-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு அதற்கும் விடை சொன்னது. குழந்தையே தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு இலக்குகளுக்கு 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும். கையின் பொதுவான திறன் கூட 30 முதல் 40 மணி நேரம். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் தெரபிக்குப் போனால் 40 மணி நேரத்தை எட்ட ஒரு வருடம் தாண்டிவிடும். தினம் அரை மணி நேரம் வீட்டில் செய்தால் 80 நாள். குழந்தையின் கை விஷயத்தில் தமிழ்நாட்டில் குறைவாக இருப்பது மருந்தோ கருவியோ இல்லை, இந்த மணி நேரம்தான்.

முருங்கைக்கீரை வைத்தியம்

வீட்டில் என்ன செய்வது? முருங்கைக்கீரை உருவச் சொல்லலாம். ஒரு கை காம்பைப் பிடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கீரை வராது. ‘அந்தக் கையை யூஸ் பண்ணு, அந்தக் கையை யூஸ் பண்ணு’ என்று நூறு தடவை சொல்வதைவிட, அந்தக் கை இல்லாமல் நடக்காத வேலையைக் கொடுப்பது மேல். வேர்க்கடலை உரிப்பது, மாவு உருட்டுவது, பூரிக்கட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தேய்ப்பது, ஈரத்துணி பிழிவது, சொப்புச் சாமான் மூடிகளைத் திறப்பது. பல்லாங்குழியில் புளியங்கொட்டையைக் குழியிலிருந்து அள்ள விரல்கள் மூட வேண்டும், ஒவ்வொன்றாகப் போட விரல்கள் திறக்க வேண்டும். சி.பி. கைக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கடினம் என்பதால் அந்த ஒவ்வொரு கொட்டையும் ஒரு பயிற்சி. முதலில் பெரிய பொருள், பிறகு சின்னது. முதலில் அசையாமல் பிடிப்பது, பிறகு பிடித்தபடி திருப்புவது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப வந்தால் சில்லறை வாங்கலாம், பிரசாதம் வாங்கலாம்.

மணிக்கட்டை உள்பக்கம் நன்றாக மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுகப் பிடித்துப் பாருங்கள். பிடி தளரும். சி.பி. குழந்தையின் கை நாளெல்லாம் இருப்பது அந்த நிலையில்தான். மணிக்கட்டைத் தாங்க ஸ்பிளிண்ட் தருவதும், இறுகிய தசைக்கு போட்டாக்ஸ் ஊசி போடுவதும், சில பிள்ளைகளுக்கு மணிக்கட்டை மடக்கும் தசைநாரை எடுத்து மேலே தூக்கும் பக்கம் மாற்றித் தைப்பதும் இதற்காகத்தான். தசைநாரை இடம்மாற்றும் வித்தையில் இந்த மாநிலத்துக்கு ஒரு பரம்பரையே உண்டு. 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையை என்ன வேலைக்குப் பழக்குவது என்பதிலும் அதே அளவு அக்கறை காட்டினார். தொழிற்சாலை விபத்தில் நசுங்கிய கைகள் வந்து சேரும் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை வளர்ந்தது. ஒரகடத்து மெஷினில் கை சிக்கியவருக்குத் தையல் பிரித்த பிறகு மாதக்கணக்கில் கைப்பயிற்சி வேண்டும் என்றால் யாரும் தயங்குவதில்லை. சி.பி. குழந்தைக்கு அதே பயிற்சி என்றால் ‘பார்த்துக்கலாம்’ என்றாகிவிடுகிறது.

இறுக்கம் மட்டுமே பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கைகளில் பலவற்றுக்கு உணர்வும் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் இருப்பது ஒரு ரூபாய் நாணயமா சட்டைப் பட்டனா என்று சொல்ல வராது. அரிசிக் குவியலுக்குள் பொம்மையைப் புதைத்துக் கையால் துழாவித் தேடும் விளையாட்டு அதற்காகத்தான்.

ஸ்டெம் செல் விற்பவர்களைப் பற்றி ஒரே பத்தி போதும். சி.பி.யை ஸ்டெம் செல் ஊசி குணமாக்கும் என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, முறையான ஆய்வுக்கு வெளியே இதைச் சிகிச்சையாக விற்கவே கூடாது. நகையை அடகுவைக்கும் முன் இதை யாராவது அந்த வீட்டில் சொல்ல வேண்டும்.

எல்லாக் கைகளும் பயிற்சியால் திறந்துவிடும் என்பதும் பொய். எலியாசன் குழுவினரே 2006-இல் வெளியிட்ட ஓர் அளவுகோல், சி.பி. குழந்தைகளின் கைத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. ஐந்தாம் நிலைக் குழந்தைக்குப் பொருளைப் பிடிப்பதே முடியாது. அந்தக் குழந்தையின் 40 மணி நேரத்தை விரல் நீட்டுவதில் செலவழிப்பது அநியாயம். ஒரு பட்டனை அழுத்தித் தன் விருப்பத்தைச் சொல்லப் பழக்குவதில் செலவழிக்கலாம். இந்தியாவில் சி.பி. குழந்தைகளுக்கான முதல் சிறப்புப் பள்ளியை 1970-களில் பம்பாயில் மிது அலூர் தொடங்கியதற்குக் காரணமாக இருந்த அவருடைய மகள் மாலினி சிப், பிறகு லண்டனில் படித்துப் பட்டம் பெற்றவர். ஒரு சுண்டுவிரலால் எழுத்தெழுத்தாகத் தட்டித் தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். நூலின் பெயரிலேயே அந்த விரல் இருக்கிறது. சென்னையில், சி.பி. உள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கிய ‘வித்யா சாகர்’ அமைப்போடு சேர்ந்துதான் அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்ற பேச்சுக் கருவியை உருவாக்கினார். பேச வராத குழந்தை படத்தைத் தொட்டால் கருவி பேசும்.

ஷிஃப்டுக்கு நடுவே

இனி ஒரகடத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். நைட் ஷிஃப்ட் என்றால் பகலில் தூங்க வேண்டும், குழந்தை அழக் கூடாது. பாட்டி தாத்தா விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ இருக்கிறார்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். தெரபிக்குப் போக வேண்டுமென்றால் கோட்டூர்புரத்தில் வித்யா சாகர், தரமணியில் ஸ்பாஸ்டிக் சொசைட்டி, கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் 2005-இல் மத்திய அரசு தொடங்கிய பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். எல்லாம் நல்ல இடங்கள், எல்லாம் தூரம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு பஸ் மாறி, நடக்காத நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்வர ஒரு பகல் முழுக்கப் போகும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உண்மை. இடுப்பு வலிக்கு அது பதிலாகாது. அப்பா லீவு போடலாமா? இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. கான்ட்ராக்ட் ஆள் என்றால் நாள் சம்பளமே போய்விடும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இருமுறை வந்து பார்க்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை சிகிச்சையாளரும் இருக்கிறார்கள்; பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போகிறார்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. உலக வங்கிக் கடனில் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்கள் இப்போது எழுகின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிக்கும் சேர்த்து. கைக்கென்று படித்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் இந்த வரிசையில் மிக அரிது. பிசியோ காலைப் பார்ப்பார், சிறப்பாசிரியர் படிப்பைப் பார்ப்பார், கை நடுவில் நின்றுபோகும்.

தூரத்துக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் சேர்த்து விடைதேடிய ஓர் ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடி. கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து தண்டுவடம் முறிந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் சங்கர ராமன் பிறகு அவரோடு சேர்ந்துகொண்டார். அவர்களுடைய வழி எளிது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு வீடு அனுப்புகிறார்கள். அந்தப் பெண் குழந்தையின் நிலையைச் செல்போன் செயலியில் பதிவுசெய்கிறார். தெரபிஸ்ட் தொலைவிலிருந்து அதைப் பார்த்து அடுத்து என்ன என்று சொல்கிறார். வீட்டுக்கு வரும் பெண்ணின் முக்கிய வேலை குழந்தைக்குப் பயிற்சி கொடுப்பதைவிட அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பது. அவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்தால், அம்மாவின் கையில் வாரம் முழுவதும் இருக்கிறது.

இதை ஒரகடத்துக்கு அப்படியே பெயர்த்து நட முடியுமா என்றால் சந்தேகம்தான். ஆய்க்குடி என்பது அம்மா, அத்தை, பாட்டி, பக்கத்து வீடு எல்லாம் வேர்விட்ட ஊர். இங்கே ஆறு மாதத்தில் வீடு மாறுகிறார்கள். ஆனால் அந்த ஊரில் இல்லாத சில இங்கே உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த அறையில் சி.பி. குழந்தைக்கு இடம் உண்டா, அங்கே உட்காரும் ஆயாவுக்கு மூடிய கையைப் பற்றி யாராவது ஒரு நாளாவது சொல்லித்தந்தார்களா என்று தொழிலாளர் துறை கேட்கலாம். இ.எஸ்.ஐ.யில் ‘குடும்பம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், உடல் அல்லது மனக் குறைபாட்டால் பெற்றோரையே சார்ந்திருக்கும் பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. பெற்றோரில் பலருக்கு இது தெரியாது. இதிலும் ஒரு விசித்திரம்: சம்பளம் 21,000 ரூபாய் உச்சவரம்பைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். பதிலுக்கு வரும் கம்பெனி மெடிக்ளெய்ம், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வாராவாரம் தெரபிக்குப் பெரும்பாலும் தராது. இன்கிரிமென்ட் வந்த சில மாதங்களில் பிள்ளையின் தெரபிக்குச் சொந்தக் காசு.

இன்னொன்றையும் இந்தச் சாலையில்தான் கேட்க முடியும். கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்கு. சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் பெரும்பாலும் சக்கர நாற்காலியாக, மேடையில் ரிப்பன் கட்டி வருகிறது. பணத்தைவிட அரிதான ஒன்று இந்தக் கம்பெனிகளிடம் இருக்கிறது. ஒரு வேலையை அசைவு அசைவாகப் பிரித்து, எந்தக் கை பிடிக்கும், எந்தக் கை திருகும், எங்கே தடுமாறும் என்று தாளில் எழுதத் தெரிந்த இன்ஜினியர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். தெரபிஸ்ட் குழந்தையைப் பார்த்து எழுதும் குறிப்பும் ஏறத்தாழ அதேதான். வேலைப்பொருள் அசையாமல் பிடித்துக்கொள்ள ஜிக், ஃபிக்ஸ்சர் செய்யும் டூல் ரூம்கள் இருக்கின்றன. வழுக்காமல் மேசையோடு ஒட்டும் தட்டு, மூடிய விரலுக்குள் நிற்கும் தடித்த பிடி வைத்த ஸ்பூன், நோட்டை அழுத்திப் பிடிக்கும் கிளிப் பலகை, ஒரு கையால் திறக்க டிஃபன் பாக்ஸைக் கவ்விக்கொள்ளும் தாங்கி எல்லாம் அவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற வேலை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் கைக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டியது. கடையில் வாங்கினால் பொருந்தாது.

தெரபிஸ்டுகள் இதற்கு உடனே ஓர் ஆட்சேபம் சொல்வார்கள், அது நியாயமும்கூட. ஃபிக்ஸ்சர் பிடித்துக்கொண்டால் மூடிய கைக்கு வேலை போய்விடுமே, அந்தக் கை எப்போது பழகும்? எதற்குக் கருவி, எதற்குப் பயிற்சி என்பதைப் பெற்றோரும் தெரபிஸ்டும் பிள்ளையும் உட்கார்ந்து பேசித்தான் பிரிக்க வேண்டும். மதிய மணி அடித்து இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்க வேண்டிய பள்ளிக்கூடத்தில் தாங்கி இருக்கட்டும். அப்பா செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருவருமாகக் கடலை உரிக்கும் அரை மணி நேரத்தில் தாங்கி வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் பிள்ளையையே கேட்கலாம். என்ன செய்ய ஆசை என்று கேட்டால் பட்டன் என்று சொல்லாது, பேட் பிடிக்கணும் என்று சொல்லும். அப்படியென்றால் அந்த 25 மணி நேரம் பேட்டுக்கு.